ஹீமோகுளோபின் கூடுதலா? ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகள்

ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட்டை நீட்டுவதும் என் பிழைப்பு. ஹீமோகுளோபின் 8 என்று வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சத்து மாத்திரை என்று வீட்டிலேயே ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். 18 என்று வந்தால்தான் குழப்பம். பாதிப் பேர் "நல்ல ரத்தம் ஊறியிருக்கு" என்று சிரித்துக்கொண்டே போகிறார்கள். மீதிப் பேர் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு "பிளட் கேன்சரா சார்?" என்கிறார்கள். இரண்டுமே அவசரப்பட்டு எடுக்கிற முடிவு. கவுன்டரில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

எத்தனை இருந்தால் அதிகம் என்று சொல்வார்கள்?

சிவப்பணுக்களுக்குள் இருந்து ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறோம். வளர்ந்த ஆண்களுக்குச் சுமார் 13 முதல் 17 வரை, பெண்களுக்கு 12 முதல் 15 வரை என்பது பெரும்பாலான லேப்களின் அளவு. லேபுக்கு லேப் அரை கிராம் முன்பின் இருக்கும். ஆண்களுக்குக் கூடுதலாக இருக்கக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். பெண்களுக்கு மாதவிடாயில் கொஞ்சம் ரத்தம் போவதும் சேர்ந்துகொள்கிறது.

மருத்துவர்கள் எலும்பு மஜ்ஜை நோயைச் சந்தேகிக்கத் தொடங்கும் கோடு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வகுத்த வரையறைப்படி ஆண்களுக்கு 16.5, பெண்களுக்கு 16. அதைத் தாண்டிய எல்லோருக்கும் நோய் என்று இதற்குப் பொருள் இல்லை. தாண்டினால் ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 17.1 என்று வந்த ஆணும் 16.2 என்று வந்த பெண்ணும் ஒரே மாதிரி அல்ல. ஆண் தன் வழக்கமான 17-ஐ லேசாகத்தான் தாண்டியிருக்கிறார், பெண் தன் 15-ஐ ஒரு கிராமுக்கு மேலேயே தாண்டியிருக்கிறார். அதனால் பெண்ணுக்கு 16.2 என்பதை நான் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பேன்.

அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. அதற்குக் கீழே உள்ள வரிகளில்தான் பாதி விடை இருக்கிறது. சி.பி.சி. என்கிற முழு ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு இரண்டு ரிப்போர்ட் சொல்கிறேன்.

முதலாவது: ஹீமோகுளோபின் 17.8, பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 53, வெள்ளை அணுக்கள் 7,800, தட்டணுக்கள் 2.4 லட்சம். இரண்டாவது: ஹீமோகுளோபின் 18.2, பி.சி.வி. 56, வெள்ளை அணுக்கள் 14,500, தட்டணுக்கள் 6.3 லட்சம்.

ஹீமோகுளோபின் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் ரிப்போர்ட்டில் சிவப்பு மட்டும் ஏறியிருக்கிறது. சிகரெட், குறட்டை, தண்ணீர்க் குறைவு என்று வெளிக் காரணங்களைத் தேட வேண்டியது அங்கே. இரண்டாவதில் மூன்று வகை அணுக்களும் சேர்ந்து ஏறியிருக்கின்றன, அதாவது உற்பத்தி நடக்கிற எலும்பு மஜ்ஜையிலேயே ஏதோ கட்டுப்பாடு விட்டுப்போயிருக்கலாம். இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது.

பி.சி.வி. என்பதும் ஹெமடோகிரிட் என்பதும் ஒன்றே. மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு அது. எங்கள் தொழிலில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ பி.சி.வி. வர வேண்டும். 17.8-ஐப் பெருக்கினால் 53.4, சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 18.9 என்று போட்டு பி.சி.வி. 44 என்று இருந்தால் மெஷினை ஏதோ ஏமாற்றியிருக்கிறது. பெரும்பாலும் கொழுப்புதான். டிரைகிளிசரைடு எக்கச்சக்கமாக இருப்பவரின் ரத்தத்தைச் சுழற்றி வைத்தால் மேலே தெளியும் திரவம் வைக்கோல் நிறத்தில் இருக்காது, பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். ஹீமோகுளோபினை மெஷின் அளப்பது ஒளியைச் செலுத்தி. அந்தக் கலங்கல் ஒளியை மறைத்துவிட்டால் எண் பொய்யாக ஏறும்.

தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. அதனாலும் ஏறுமா?

ஏறும். நான் பார்த்த அளவில் சின்ன ஏற்றங்களுக்கு அடிக்கடி அகப்படும் காரணம் இதுதான். ரசம் கொதித்து வற்றினால் புளி கூடினதுபோல் ருசிக்கும். உண்மையில் புளி கூடவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. ரத்தமும் அப்படித்தான். சிவப்பணுக்கள் இருந்தபடியே இருக்க, அவை மிதக்கிற பிளாஸ்மா சுண்டினால் ஹீமோகுளோபின் உயர்ந்து தெரியும். வயிற்றுப்போக்கு, வாந்தி, சித்திரை வெயிலில் கட்டட வேலை, முந்தின நாள் மது, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர் பிரிக்கும் மாத்திரை எல்லாமே இதைச் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் பலர் தண்ணீரைக்கூடத் தொடாமல் வருகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், காலை பத்து மணி வரை வரிசையில் நின்று, வாய் உலர்ந்துபோய் வந்து உட்காருவார். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் தண்ணீர் குடிக்கத் தடையில்லை.

ரத்தம் எடுத்த விதத்தில் தப்பு நடந்திருக்குமா?

நடக்கும். எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை. நரம்பு கிடைக்கவில்லை என்று கையில் ரப்பர் கட்டை இறுக்கிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் தட்டித் தடவிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் வெளியே கசிந்து அணுக்கள் மட்டும் நெருக்கமாகிவிடும். கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் பாடம். வெகுநேரம் நின்றுவிட்டு வந்து எடுத்தாலும் படுத்திருந்து எடுப்பதைவிடச் சற்றுக் கூடும். விரல் நுனியைக் குத்தி அழுத்திப் பிழிந்து எடுத்த சொட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஆகவே லேசான ஏற்றம் என்றால் முதல் வேலை மறுபரிசோதனை. இரண்டு மூன்று நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து, வயிறு சரியாக இருக்கிற நாளில், பத்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு கொடுங்கள். அதிலும் உயர்வாகவே இருந்தால் காரணம் தேடலாம்.

காய்ச்சலில் படுத்திருக்கும்போது ஹீமோகுளோபின் ஏறினால் நல்லதுதானே?

டெங்கு காய்ச்சலாக இருந்தால் அது நல்லதே அல்ல. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

டெங்கு என்றாலே நம் ஊரில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். "எண்பதாயிரம் இருக்கு, நேத்து ஒண்ணேகால் லட்சம்" என்று குடும்பமே மனப்பாடமாகச் சொல்லும். ஆனால் வார்டில் இருக்கும் மருத்துவரின் கண் பி.சி.வி. மேல் இருக்கும். டெங்குவில் ஆபத்தான கட்டம், ரத்தக் குழாய்களின் சுவர் வழியாகப் பிளாஸ்மா கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குவது. அப்போது குழாய்க்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும், கூடவே ஹீமோகுளோபினும் ஏறும். வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் கூடினால், உதாரணமாக 40 இருந்தது 48 ஆனால், கசிவு தீவிரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இது நடக்கும். "ஜுரம் விட்டுடுச்சு, ரத்தமும் ஏறியிருக்கு" என்று வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

சிகரெட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட் எல்லாவற்றிலும் துண்டு போட்டு வைத்த கதை. ஏற வேண்டிய ஆள் ஏற முடியாது. உடம்புக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபோய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜையிடம் போய் இன்னும் அணுக்கள் செய் என்று சொல்லும். பீடிக்கும் இதே கதைதான்.

"விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறதே" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறியதற்கும் வித்தியாசம் தெரியாது. புகைப்பதை நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் எண் இறங்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால் மறுநாளே இறங்கவில்லை என்று மறுபடி பற்ற வைக்க வேண்டாம்.

நான் புகைப்பதில்லை. பின்னே ஏன்?

வீட்டில் இருப்பவர்களிடம் உங்கள் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள். சத்தமான குறட்டை, நடுவில் சில விநாடி மூச்சே நின்று, அப்புறம் திணறிக்கொண்டு மீண்டும் தொடங்குவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் இதெல்லாம் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அடையாளம். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் ஏறி இறங்கினால் சிறுநீரகம் அதே ஹார்மோனைச் சுரக்கும். உடல் பருமனும் கழுத்துப் பருமனும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இதையே செய்யும். புகைக்கிற ஆண்களுக்குத்தான் அது வரும் என்பதில்லை. முப்பது வருடம் விறகடுப்பின் முன் ஊதுகுழலுடன் உட்கார்ந்த பாட்டிகளுக்கும் வரும். பிறவி இதயக் கோளாறு சரிசெய்யப்படாமல், உதடும் நகமும் நீலம் பாரித்திருப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் உயர்ந்திருக்கும். அவர்களுக்கு அந்த ஏற்றம் உடம்பு தானாகத் தேடிக்கொண்ட ஈடு என்பதால், ரத்தத்தை எடுத்துக் குறைப்பது இதய மருத்துவர் சொல்லாமல் நடக்கக் கூடாது.

மிக அரிதாக, சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ உள்ள கட்டி இந்த ஹார்மோனை இஷ்டத்துக்குச் சுரக்கும். வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுப்பது அதற்காகத்தான். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட சிலருக்கும் பின்னால் இப்படி ஏறுவதுண்டு.

சாப்பிடும் மருந்து காரணமாக இருக்குமா?

இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் பி.சி.வி.யை இரண்டு மூன்று புள்ளி உயர்த்துவது தெரிந்த விஷயம். சர்க்கரை நோயாளிகளிடம் இப்போது இவை சகஜம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்துகள் இவை, அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் போதும்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி வேறு ரகம். மருத்துவர் எழுதிக் கொடுத்து போட்டுக்கொள்பவர்களுக்கே பி.சி.வி. 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது வழிமுறை. ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியை எந்தக் கணக்கும் இல்லாமல் போட்டுக்கொண்டு வருகிற இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு யார் பி.சி.வி. பார்க்கிறார்கள்? அம்மா பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் எதையும் சொல்லப் போவதில்லை. மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் ஸ்கேன், மரபணுப் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் செலவாகும்.

மலையில் வசிப்பவர்களுக்கு?

உயரம் கூடக் கூட காற்றில் ஆக்ஸிஜனின் அழுத்தம் குறையும், ஹீமோகுளோபின் ஏறும். ஊட்டியும் கொடைக்கானலும் இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே வசிப்பதால் கூடுவது ஒரு கிராம் அளவுக்குள்ளேயே இருக்கும். வார விடுமுறைக்குப் போய்வந்ததால் ஏறியது என்று சொல்ல முடியாது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே பகுதியில் பணியாற்றிவிட்டு விடுப்பில் வரும் ராணுவ வீரருக்கு 18 இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊரில் சில வாரம் இருந்தபின் மறுபடி பார்த்தால் இறங்கியிருக்கும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகளில் சிலருக்கு இது 21-ஐயும் தாண்டி நோயாகவே ஆகிவிடுகிறது. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920-களில் விவரித்ததால் அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். திபெத்தியர்களோ அதே உயரத்தில் வாழ்ந்தும் அவ்வளவு ஏறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்களின் மரபணு அதற்குப் பழகிவிட்டது.

பீட்ரூட், பேரீச்சை, ஈரல் அதிகம் சாப்பிட்டதால் ஏறியதா?

இல்லை. இரும்புச்சத்து குறைந்தவருக்குத்தான் சாப்பாடு எண்ணை ஏற்றும். சரியாக இருப்பவர் எவ்வளவு சாப்பிட்டாலும் மஜ்ஜை தேவைக்கு மேல் செய்யாது. அதனால் கீரையை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அளவு சரியாகிவிட்ட பிறகும் பழக்கதோஷத்தில் சத்து மாத்திரை விழுங்குகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்தலாம்.

அப்படியானால் புற்றுநோய் என்று இணையத்தில் வருவது எது?

பாலிசைதீமியா வேரா. எலும்பு மஜ்ஜையின் ஒரு மூல அணுவில் மாற்றம் ஏற்பட்டு, ஹார்மோன் கேட்காமலே அணுக்களைச் செய்துகொண்டே போகும் நோய். வகைப்பாட்டில் இது மெதுவாக நகரும் ரத்தப் புற்றுநோய்தான், அதை மறைப்பதில் பயன் இல்லை. ஆனால் அரிய நோய், பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் தெரியவரும், ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் பல ஆண்டுகள் நடமாட்டத்துடன் வாழ்கிறார்கள்.

ஒரு அறிகுறியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல் அரிப்பு. ஆனால் தடிப்போ சிவப்போ எதுவும் தெரியாது. சோப்பை மாற்றுவார்கள், தண்ணீரைக் குறை சொல்வார்கள், தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்குவார்கள். பாதம் சிவந்து எரிவது, தலைபாரம், முகம் எப்போதும் செக்கச்செவேல் என்று இருப்பது (மாநிறத்தவர்களுக்குக் கண்ணின் வெண்மையிலும் உதட்டிலும்தான் தெரியும்), இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது ஆகியவையும் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதுமான தொடக்கம். ஜாக்2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் 2005-இல் கண்டறியப்பட்டது. இந்த நோய் உள்ளவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் அது இருக்கும். கூடவே எரித்ரோபோய்டின் அளவும் பார்ப்பார்கள். மஜ்ஜை தன்னிச்சையாக ஓடினால் அந்த ஹார்மோன் குறைவாக இருக்கும். சிகரெட்டோ குறட்டையோ காரணமானால் அது இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை.

பயப்பட வேண்டியது ரத்தக் குழாய்க்குள் உறைந்து அடைக்கிற ரத்தக்கட்டிக்கு. சிகிச்சை அதைத் தடுக்கத்தான்: அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுவது, குறைந்த அளவு ஆஸ்பிரின், சிலருக்கு அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. பி.சி.வி.யை 45-க்குக் கீழே வைக்க வேண்டும் என்பதற்கு 2013-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஆதாரம். 365 நோயாளிகளில், 45 முதல் 50 வரை விட்டுவைத்தவர்களுக்கு இதய மரணமும் பெரிய ரத்தக்கட்டியும் ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதலாக வந்தன.

ஒரு முரண் என்னவென்றால், இவர்களில் பலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கும். மஜ்ஜை எல்லா இரும்பையும் அணு செய்யவே செலவழித்துவிடும், ரத்தம் எடுப்பதிலும் இரும்பு போகும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவு என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது இரும்பு மாத்திரை கொடுத்தால் எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரி ஆகும். இருக்கும் நோயைச் சொல்லிவிட்டுத்தான் எந்த மருந்தையும் வாங்க வேண்டும்.

ரத்ததானம் செய்தால் குறைந்துவிடும் அல்லவா?

காரணம் தெரியாமல் அதைச் சிகிச்சையாக நினைக்காதீர்கள். பாலிசைதீமியா வேரா உள்ளவர்கள் தானம் செய்யக் கூடாது. அவர்களுக்கு ரத்தம் எடுப்பது மருத்துவமனையில், கணக்குப் பார்த்து, தனியாக நடக்கிற வேலை. தானம் செய்யும்போது குறைந்தது 12.5 இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், மேல்பக்கம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால், அடிக்கடி கொடுக்கிற ஒருவரின் உயர்ந்த எண் வருடக்கணக்கில் மறைந்தே கிடக்கவும் கூடும்.

ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்றால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

நீங்களாக வேண்டாம். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத்தான் தடுக்கும், ஹீமோகுளோபினைக் குறைக்காது. பூண்டும் அப்படியே. வயிற்றுப்புண் இருப்பவருக்கும் டெங்கு காலத்தில் காய்ச்சலோடு இருப்பவருக்கும் ஆஸ்பிரின் ஆபத்தாக முடியும்.

எச்பிஏ1சி 7.2 என்று வந்திருக்கிறது. இதுவும் ஹீமோகுளோபின் அதிகம்தானா?

இல்லை, அது மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு. ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அது சொல்லும், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று சொல்லாது.

கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும்?

கர்ப்பத்தில் பிளாஸ்மா பெருகுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவதுதான் இயல்பு. இறங்காமல் 14, 15 என்று நின்றால் பாராட்ட வேண்டாம்; ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் கவனிக்கச் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்கு 17, 18 சாதாரணம். இரண்டு மூன்று மாதத்தில் அதுவே 11-ஐ ஒட்டி இறங்கும்.

எப்போது ஓட வேண்டும்?

முகமோ ஒரு பக்கக் கை காலோ இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறல், திடீரென்று பார்வை மங்குவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்றபடி பொது மருத்துவரிடம் தொடங்கலாம். ரத்தவியல் நிபுணர் தேவையா என்று அவரே சொல்வார். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பத்து வருடமாக 17-லேயே இருப்பவரும் இரண்டு வருடத்தில் 14-லிருந்து 17-க்கு ஏறியவரும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியாது, பீரோவுக்குள் மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.